பிள்ளை நேற்று மாதிரி இல்லை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது பத்தாம் வகுப்பில். பேச்சுப் போட்டி. மனப்பாடம் செய்ததில் பாதியை மறந்து, மீதியைச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே இறங்கினேன். ஆகவே இன்று எதையும் மனப்பாடம் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தையும், நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லப் போகிறேன். "பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றிப் பேசுங்கோ" என்றுதான் செயலாளர் கேட்டார். அதையும் சொல்வேன். இரண்டும் ஒரே கதைதான்.

நாங்கள் உயர்தரம் படித்தது 1990களில். மின்சாரம் வந்தால் அது விசேஷம். எங்கள் உயிரியல் ஆய்வுகூடத்தில் பாவிக்கக்கூடிய நிலையில் ஒரேயொரு நுணுக்குக்காட்டிதான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி. யன்னலோரம் வைத்து, துறைமுகப் பக்கமிருந்து வரும் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் எங்கள் ரீச்சர் தம்பலகாமத்து எருமைத் தயிர்ச் சட்டியோடு வகுப்புக்கு வந்தார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். தயிர் சாப்பிட அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சொட்டை வழுக்கியில் பூசி, காயவைத்து, நீலச் சாயம் இட்டு, "வந்து பார்த்து வரையுங்கோ" என்றார்.

நான் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகத்தில் பற்றீரியா பற்றிய படம் இருந்தது, அதைப் பார்த்து அழகாக வரைந்து கொடுத்தேன். ரீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார். "இது புத்தகத்தில் இருக்கிறது. உன்ர கண்ணுக்குத் தெரிஞ்சதை வரை." மறுபடி போய்ப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தபோது தெரிந்தது: மிகச் சிறிய புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டி, அறுந்த மணிமாலை போல. அவை ஸ்ரெப்ரோகொக்கஸ் குடும்பத்துப் பற்றீரியாக்கள். பாலைத் தயிராக்கும் நல்ல உறவினர்கள். அதே குடும்பத்தின் கெட்ட உறவினர்களோடுதான் என் வாழ்க்கை போகப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

இனி என் பிழை.

நான் பயிற்சி முடித்து, வேறொரு மாகாணத்தில் ஒரு வைத்தியசாலையின் குழந்தைகள் விடுதியில் இளம் வைத்தியராக இருந்த காலம். ஊர் பெயர் வேண்டாம். குடும்பத்தின் அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு இரவு ஒன்பது மணியளவில் பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இளம் தாய், கூடவே அம்மம்மா. நிறைமாதத்தில் சுகப்பிரசவம், நல்ல எடை. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. நெஞ்சைக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. தாய் ஒன்றும் பேசவில்லை. அம்மம்மாதான் சொன்னார்: "டொக்டர், பிள்ளை பால் குடிக்குதில்லை. நேற்று மாதிரி இல்லை."

அன்று எனக்கு முப்பது மணித்தியாலத் தொடர் வேலை. விடுதியில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். "காய்ச்சல் இல்லை அம்மா, வயிறு ஊதியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குடுங்கோ, நாளைக்குக் காலமை கிளினிக்குக்குக் கொண்டாங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மம்மா போகவில்லை. மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடைபாதை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். இரவு மூன்று மணிக்கு அந்த வழியாகப் போன தாதி ஒருவர் பிள்ளையை எட்டிப் பார்த்தார். தோல் சாம்பல் நிறம். மூச்சு நின்று நின்று வந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் சரியாக நடந்தது. இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினோம். முள்ளந்தண்டு நீர் எடுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஊசி ஏறியது. ஆனால் ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் இருக்கிறது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்த நாள் ஆய்வுகூடத்திலிருந்து நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர் என்னைக் கூப்பிட்டார். "இரத்தப் போத்தலில் சங்கிலி சங்கிலியாகக் கிருமி வளர்ந்திருக்கிறது. ஸ்ரெப்ரோகொக்கஸ்." தோலில் இருக்கும் கிருமி ஊசி குத்தும்போது போத்தலுக்குள் விழுவதுண்டு. அதை நாங்கள் மாசு என்போம். நான் கேட்டேன்: "மாசாக இருக்கலாமா டொக்டர்?" உண்மையைச் சொல்கிறேன், அது மாசாக இருக்க வேண்டும் என்று என் மனம் கெஞ்சியது. மாசாக இருந்தால் நான் அனுப்பிவைத்த பிள்ளைக்கு அந்த நேரம் பெரிய நோய் இருந்திருக்காது அல்லவா?

அவர் கோபப்படவில்லை. "முள்ளந்தண்டு நீரிலும் அதே கிருமிதான் இருக்கிறது. மாசு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வராது. நீங்கள் பிள்ளையைப் பார்த்தீர்களா, காய்ச்சல் கடதாசியைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

தயிர்ச் சட்டியும் ரீச்சரும் எனக்கு நினைவு வந்தது அந்த நிமிடத்தில்தான். புத்தகத்தில் இருந்ததைத்தான் நான் மறுபடியும் வரைந்திருந்தேன்.

இந்தக் கிருமிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் விளங்கும்.

பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பது ஒரு காலத்தில் உலகமெங்கும் வழமை. 1847இல் வியன்னா நகரத்தில் செமல்வைஸ் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு நேரே பிரசவ விடுதிக்கு வரும் மருத்துவ மாணவர்களின் விடுதியில்தான் தாய்மார் அதிகம் இறந்தார்கள். மருத்துவ மாதர் பார்த்த விடுதியில் மரணம் குறைவு. குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். அந்த ஆண்டு ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் அளவில் இறந்த விடுதியில், ஜூனில் அது 2 பேராகக் குறைந்தது. அவரை நம்பியவர்கள் சிலரே. பிறகு 1879இல் பாரிஸில் லூயி பாஸ்டர் அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை மணிமாலை வடிவில் கண்டு, கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

அதே 1847இல் நம் நாட்டில் ஒன்று நடந்தது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றில் ஒன்று பிரசவ வைத்தியம் பற்றியது. ஒரு நோயை அந்த ஊர் மக்களின் மொழியில் சொல்லாவிட்டால் அதை வெல்ல முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. இந்த விடயத்துக்குப் பேச்சின் முடிவில் திரும்பி வருவேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன், பெண் பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும் என்று நம் ஊரில் சிலர் பாடுபட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நியூயோர்க்கில் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஒரு பெண் இந்த மணிமாலைக் கிருமிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். பார்வைக்கு ஒரே மாதிரியான கிருமிகளை அவற்றின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை வைத்து ஏ, பி, சி, டி என்று குழுக்களாகப் பிரிக்கலாம் என்று 1933இல் காட்டினார். 1961இல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். உலகத்தின் எந்த ஆய்வுகூடத்திலும் இன்றும் நாங்கள் அவருடைய எழுத்துக்களைத்தான் பாவிக்கிறோம்.

ஏ குழு தொண்டை நோவையும் வாதக் காய்ச்சலையும் தருவது. பி குழுதான் புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளின் பெரிய எதிரி. ஆரம்பத்தில் அதை மாட்டு நோய் என்றே நினைத்தார்கள். பசுவின் மடியை வீங்கவைத்துப் பாலை நிறுத்திவிடும். அதனால்தான் அதற்கு அகலாக்ரியே என்று பெயர். பால் இல்லாமை என்று பொருள். 1938இல் ஃபிரை என்பவர் அந்தக் கிருமியால் இறந்த மூன்று தாய்மாரைப் பற்றி எழுதினார். 1970களில் மேற்கு நாடுகளில் சிசுக்களின் இரத்தத்தில் காணப்படும் முதன்மைக் கிருமிகளில் ஒன்றாக அது வந்துவிட்டது. பாலை நிறுத்தும் கிருமி என்று மாட்டுக்கு வைத்த பெயர், பிள்ளைக்கும் பொருந்துகிறது. பிள்ளையிலும் அது காட்டும் முதல் அறிகுறிகளில் ஒன்று பால் குடியாமைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பி குழுக் கிருமியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100,000 சிசுக்கள் இறக்கின்றன. குறைந்தது 46,000 பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து பிறக்கின்றன.

ஆனால் நான் அனுப்பிவைத்த அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இருந்தது பி குழு அல்ல. டி குழு. டி குழுவில் பல வகை உண்டு. சிலவற்றுக்குச் சாதாரண மருந்து வேலை செய்யாது. ஆகவே எந்த வகை என்று தெரிய வேண்டும். பித்தம் கலந்த ஊடகத்தில் கிருமி வளர்ந்து அதைக் கறுப்பாக்கியது. உப்புக் கூடிய கரைசலில் வளரவில்லை. அந்த இரண்டும் சேர்ந்தால் அது போவிஸ் குடும்பம். இன்றைய பெயர் ஸ்ரெப்ரோகொக்கஸ் கலோலிற்றிக்கஸ், அதில் பாஸ்ரூரியானஸ் என்ற உபவகை. பாஸ்டரின் பெயர்தான். மாடு, பறவைகள் முதலியவற்றின் குடலில் வாழ்வது. மனிதரிலும் சிலரின் குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கும். மிக அரிதாக, பிறந்த குழந்தையின் இரத்தத்துக்குள்ளும் மூளைமென்சவ்வுக்குள்ளும் புகுந்துவிடும். புகுந்தால் பி குழுவைப் போலவே நடந்துகொள்ளும். நல்ல காலம், பெனிசிலின் குடும்ப மருந்துகள் பொதுவாக அதற்கு வேலை செய்கின்றன.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவர் தாயைப் பார்த்து, "மாட்டுக் கிருமியாம், நீ என்னத்தைத் தின்றாய்?" என்று கேட்டார். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சகோதரிகளே, இதை எல்லோரும் வீட்டில் சொல்லுங்கள்: தாய் சாப்பிட்டதாலோ, சுத்தமில்லாததாலோ, பாவத்தாலோ வந்த நோய் அல்ல இது. ஆரோக்கியமான பெண்கள் பலரின் உடம்பில் இப்படியான கிருமிகள் குடியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. தாயைக் குற்றம் சொல்லும் நேரத்தில் பிள்ளையைப் பாருங்கள்.

துறைமுகத்துப் பெண்களிடம் பேசும்போது மீனைப் பற்றியும் கேள்வி வரும். 2015இல் சிங்கப்பூரில் பி குழுவின் ஒரு வகை பெரியவர்களிடையே பரவியது. பச்சையாக உண்ட நன்னீர் மீனே காரணம் என்று கண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் கடைகளில் அதைப் பச்சையாகப் பரிமாறத் தடை விதித்தார்கள். நாங்கள் ஆணம் காய்ச்சிச் சாப்பிடுகிறவர்கள். நன்றாக வெந்த மீனுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வகைப் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிள்ளைகளின் வாய் புண்ணாகும். நம் எல்லோரின் வாயிலும் சாதுவாக வாழும் ஸ்ரெப்ரோகொக்கஸ் வகைகள் அந்தப் புண் வழியாக இரத்தத்துக்குள் போய், ஒரே நாளில் பிள்ளையை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடும். தலசீமியா முதலிய நோய்களுக்காக மண்ணீரல் எடுத்த பிள்ளைகளுக்கு நியூமோகொக்கஸ் என்ற உறவினர் எமன். இதயத்தில் ஓட்டையோ வால்வு நோயோ உள்ள பிள்ளைகளுக்குச் சூத்தைப்பல்லே வாசற்படி. அந்தக் கிருமிகள் பல்லிலிருந்து இரத்தத்தில் ஏறி வால்வில் போய்க் குடியிருக்கும். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், காய்ச்சல் கண்டவுடன் பரசிற்றமோல் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலை. போகும்போது நோய் விபரக் கொப்பியைக் கொண்டுபோங்கள். "மண்ணீரல் இல்லாத பிள்ளை", "மருந்து ஏற்றும் பிள்ளை" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வசனமாக இருக்க வேண்டும்.

பிறந்த பிள்ளையில் என்ன பார்க்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் முதல் இரண்டு மாதத்துக்குச் சொல்லும் அறிகுறிகள் ஏழு. விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, பால் சரியாகக் குடிக்காமை. இரண்டு, வலிப்பு. மூன்று, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு. நான்கு, மூச்செடுக்கும்போது நெஞ்சு நன்றாக உள்ளே இழுத்தல். ஐந்து, உடல் வெப்பம் 38 பாகை அல்லது அதற்கு மேல். ஆறு, வெப்பம் 35.5 பாகைக்குக் கீழே போதல். ஏழு, தட்டினாலொழியக் கைகால் அசைக்காமை. இந்த ஏழில் ஒன்று போதும். ஆறாவதை மறக்க வேண்டாம். பெரியவர்களுக்குக் கிருமி வந்தால் உடம்பு சுடும். சிசுவுக்குச் சுடாமலும் வரும், குளிர்ந்தும் வரும். நான் பிழைவிட்டது அங்கேதான். காய்ச்சல் இல்லை என்பதை நோய் இல்லை என்று வாசித்தேன்.

பிள்ளை பிறக்க முன்னும் செய்யக்கூடியது உண்டு. பிரசவ நேரத்தில் தாய்க்குப் பெனிசிலின் ஊசி ஏற்றினால் பி குழுக் கிருமி பிள்ளைக்குப் போவதைப் பெருமளவு தடுக்கலாம். அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கடைசி வாரங்களில் இதற்கான பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் எல்லோருக்கும் செய்வதில்லை, ஆபத்துள்ளவர்களைத் தெரிந்து மருந்து கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் அதே வழிதான். ஆகவே ஆபத்து எது என்று தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும்: 37 வாரத்துக்கு முன் வலி காணல், பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலம் கடத்தல், பிரசவ நேரத்தில் காய்ச்சல், சிறுநீரில் இந்தக் கிருமி கண்டிருத்தல், முந்தைய பிள்ளைக்கு இந்த நோய் வந்திருத்தல். பன்னீர்க்குடம் உடைந்தால் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதிவையுங்கள். "பின்னேரம் போல" என்பது எங்களுக்கு உதவாது. "நாலு மணி பத்து நிமிடம்" உதவும். ஆனால் நான் சொன்ன அரிய வகைக் கிருமிகளை எந்த முன்பரிசோதனையும் தேடுவதில்லை. பிள்ளை பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு வரும் நோயைப் பிரசவ நேர ஊசி தடுக்கவும் மாட்டாது. அங்கே இருக்கும் ஒரே பரிசோதனை பார்த்துக்கொண்டிருக்கும் கண்தான்.

அந்தக் கண் பெரும்பாலும் அம்மம்மாவுடையதும் அப்பம்மாவுடையதும்தான். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் இன்று அந்தப் பதவியில் இருக்கிறீர்கள். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் மெல்பேணுக்கும் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்வருகிறீர்கள். உங்களிடம் உரிமையோடு இரண்டு விடயம் கேட்கிறேன். ஒன்று, கோரோசனையும் வசம்பும் உரைத்துப் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். இரண்டு, துடக்குக் கழியவில்லை, 31 முடியவில்லை, இருட்டில் பிள்ளையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று மறிக்க வேண்டாம். சாமி கோபிக்க மாட்டார். கிருமிதான் காத்திருக்காது.

காத்திருத்தலைப் பற்றி இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை, அக்கரையில் ஒரு பிள்ளைக்கு இரவில் சுகமில்லையென்றால் துறையில் பாதை வரும்வரை நின்றவர்கள் நாங்கள். மூதூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் வகுப்புத் தோழியரிடம் அப்படியான கதைகள் நிறைய இருந்தன. இன்று பாலம் இருக்கிறது, வீதி இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது. இன்னும் கடக்க வேண்டிய தூரம் "நாளைக்குப் பார்ப்பம்" என்ற சொல்தான். வீட்டாரும் அதைச் சொல்கிறார்கள். வைத்தியர்களும் சொல்கிறோம். நானே சொன்னேன்.

நம் நாடு இதில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதரை ஊருக்கு ஊர் அனுப்பிய நாடு இது. 1946இல் பிறந்த 1,000 பிள்ளைகளில் 140 அளவில் முதல் வருடத்துக்குள் இறந்தன. இன்று அது பத்துக்கும் குறைவு. பெரிய இயந்திரங்கள் இதைச் செய்யவில்லை. சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வெய்யிலிலே வந்த குடும்பநல மாதுக்களும், எழுத்தறிந்த தாய்மாரும் செய்தார்கள். பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து செய்த வேலை அது. நம் பள்ளிக்கூடமும் அதில் ஒன்று.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்று கிழமை மருந்து ஏற்றி வீட்டுக்குப் போனாள். நடக்கிறாள், படிக்கிறாள், வாய்க்காரி. ஒரு காதில் கேள்வி குறைவு. மூளைமென்சவ்வு அழற்சிக்குப் பிறகு அது வருவதுண்டு. ஆறு மணித்தியாலம் முந்தி மருந்து ஏறியிருந்தால் அந்தக் காது தப்பியிருக்குமா? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்காமல் நான் இருந்த நாள் இல்லை. வீட்டுக்குப் போகும் நாளில் அம்மம்மாவிடம் போய், "அன்றைக்கு நான் உங்களை அனுப்பியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "நீங்களும் நித்திரை இல்லாமல்தானே பிள்ளை நின்றனீங்கள்" என்றார். என்னை டொக்டர் என்று அழைக்கவில்லை, பிள்ளை என்றார். அது மன்னிப்புத்தான். ஆனால் அந்த மன்னிப்பால் என் பொறுப்புக் குறைந்துவிடவில்லை.

அதன்பிறகுதான் நான் நுண்ணுயிரியல் படிக்கப் போனேன். இன்று இரத்தப் போத்தலில் சங்கிலியைக் கண்டால் நான் விடுதிக்குத் தொலைபேசி எடுப்பேன். எந்த இளம் வைத்தியராவது "மாசாக இருக்கலாமா?" என்று கேட்டால், அந்தக் குரலில் இருப்பது சோம்பலா பயமா என்று எனக்குத் தெரியும். திட்டுவதில்லை. "தாய் என்ன சொல்கிறா? பாட்டி என்ன சொல்கிறா? போய்க் கேட்டுவிட்டு எடுங்கோ" என்பேன்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நினைவாக வாசல் வளைவு கட்டலாம், மண்டபத்துக்கு நிறம் பூசலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இரண்டு சின்ன வேலை செய்வோம். ஆய்வுகூடத்துக்குப் பத்து நல்ல நுணுக்குக்காட்டிகள். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைகூட அடுத்தவள் பார்த்ததைக் கேட்டு வரையக் கூடாது. அடுத்தது, நான் சொன்ன ஏழு அறிகுறிகளும் எளிய தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு அட்டை. சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியோடு, இந்த மாவட்டத்தில் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாயின் கையிலும் அது இருக்கட்டும். சிங்களத்திலும் அச்சிடுவோம். கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தொடங்கிய வேலையின் ஒரு சிறு துண்டு அது. அட்டையின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். அதன் தலைப்பு என்னுடையதல்ல, அந்த அம்மம்மாவுடையது: "பிள்ளை நேற்று மாதிரி இல்லையா? இன்றே கொண்டுவாருங்கள்."

ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்று கொப்பியைத் திருப்பித் தந்ததற்கு நன்றி. இரண்டாவது முறை வரைந்ததற்கு நீங்கள் பத்துக்கு ஏழு போட்டீர்கள். மிச்சம் மூன்றையும் எடுக்கத்தான் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.